பெட்டியில் குடியேறிய ஓவியம்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர வரலாற்று அருங்காட்சியகத்தில் ஈரானியப் பெட்டி ஒன்று இருக்கிறது. அட்டையால் செய்து, வண்ணம் தீட்டி, மேலே வார்னிஷ் ஏற்றிப் பளபளக்க வைத்த பெட்டி. இஸ்ஃபஹான் நகர ஓவியர் முகம்மது இஸ்மாயில் 1865இல் முடித்துக் கையெழுத்திட்டது. அதில் அவர் வரைந்திருப்பது ஒரு போர். ஈரான் மன்னர் முகம்மது ஷா 1837-38இல் ஹெராத் நகரை முற்றுகையிட்ட நிகழ்ச்சியை, எண்ணி முடியாத சிற்றுருவங்களோடு அந்தச் சிறிய பரப்புக்குள் அடக்கியிருக்கிறார். இதே காட்சியை அவர் பெரிய துணியில் தீட்டிச் சட்டம் போட்டிருந்தால், வரலாற்று ஓவியம் என்று பெயர் சூட்டி நடுக்கூடத்தில் மாட்டியிருப்பார்கள். பெட்டியில் தீட்டியதால் அது ‘அலங்காரக் கலை’ ஆகிவிட்டது. ஓவியம் தனித் தட்டு, அலங்காரம் அதற்குக் கீழே வேறு தட்டு என்ற இந்தப் பிரிவினை பாரசீகப் பெட்டிகளுக்குச் சிறிதும் பொருந்தாது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஈரானிய ஓவியத்தின் கதையில் பெரும்பங்கு இந்தப் பெட்டிகளின் மேல்தான் நடந்தது. அவற்றை அலங்காரம் என்று ஒதுக்கினால், ஒரு நாட்டின் ஓவிய வரலாற்றில் இரண்டு நூற்றாண்டுகளை நாமே கிழித்துப் போட்டவர்கள் ஆவோம்.

இந்த வாதத்தின் வேர் செய்முறையிலேயே இருக்கிறது. மர அச்சின் மேல் காகிதத் தாள்களை மாவுப்பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவிடுவார்கள். சில இடங்களில் தாளுக்குப் பதில் காகிதக்கூழையே அச்சில் அப்புவதும் உண்டு. இறுகிய பின் அச்சிலிருந்து கழற்றி, வெட்டி, தேய்த்துச் சீராக்குவார்கள். வெள்ளைச் சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து மெல்லிய பூச்சாகப் பூசி, மறுபடி வழவழப்பாகத் தேய்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஓவியர் அமர்வார். கையெழுத்துச் சுவடிகளில் சிற்றோவியம் தீட்டுகிறவர் கையாளும் அதே நீர்வண்ணங்கள், அதே நுண்மயிர்த் தூரிகை, அதே பொன்துகள். எல்லாம் முடிந்தபின், சந்தராக் என்னும் மரப்பிசினை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிக் கரைத்த வார்னிஷைப் பலமுறை பூசி உலர்த்துவார்கள். ஓவியத்தை ஈரத்திலிருந்தும் விரல் படுவதிலிருந்தும் காப்பது அந்தத் தெளிந்த படலம்தான்.

மற்ற நாட்டு மெருகுக் கலைகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலப்படும். சீனாவிலும் ஜப்பானிலும் ஒருவகை மரத்தைக் கீறி வடிக்கும் பாலை அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். கருமையாகவும் செம்மையாகவும் இறுகும் அந்தப் பூச்சே அங்கு அழகு. ஓவியம் ஏதும் இல்லாத வெறும் கறுப்புக் கிண்ணம்கூட அங்கே உயர்ந்த கலைப்பொருளாக மதிக்கப்படும். நம் நாட்டுக் கடைசல் வேலையில் பயன்படும் அரக்கு, பூச்சி சுரக்கும் பிசின். சுழலும் மரத்தில் அழுத்தும்போதே நிறத்தையும் மினுக்கத்தையும் அதுதான் தருகிறது. ஈரானியப் பெட்டி இந்த இரண்டில் எதுவும் இல்லை. அங்கே வார்னிஷுக்குச் சொந்தமாக உருவமோ நிறமோ கிடையாது. ஓவியத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுண்ணம் பூசிய அட்டை. விலைமிக்க மரமோ உலோகமோ கல்லோ அதில் இல்லை. பெட்டியின் மதிப்பு முழுவதையும் சுமப்பது ஓவியரின் கை ஒன்றுதான். பொருளை அழகாக்க ஓவியம் சேர்க்கப்பட்டது என்று சொல்வதைவிட, ஓவியத்தைத் தாங்க ஒரு பொருள் செய்யப்பட்டது என்று சொல்வதே இங்கு உண்மைக்கு நெருக்கமானது.

இவ்வகைப் பொருள்களில் முகம் பார்க்கும் கண்ணாடிக்கான பேழைகள், நகைப்பெட்டிகள், நூல் அட்டைகள், சீட்டாட்டத்துக்கான சீட்டுகள் எனப் பல உண்டு. ஆனால் எண்ணிக்கையிலும் புகழிலும் முதலிடம் பேனாப் பெட்டிக்கே. பாரசீக மொழியில் அதன் பெயர் ‘கலம்தான்’. பொதுவாக 20 முதல் 25 செ.மீ. நீளம், நான்கு செ.மீ. அளவில் அகலம், வளைந்த முனைகள். வெளியே ஓர் உறை, அதற்குள் இழுத்துச் செருகும் ஒரு தட்டு. தட்டில் நாணல் பேனாக்கள், அவற்றைச் சீவும் கத்தி, முனையை வைத்து நறுக்க எலும்பிலோ தந்தத்திலோ செய்த சிறு தகடு, கத்தரிக்கோல், பித்தளை அல்லது வெள்ளி மைக்கூடு ஆகியவை இருக்கும். மை தளும்பிச் சிந்தாமலிருக்க மைக்கூட்டில் பட்டுநூலைத் திணித்து வைப்பார்கள். எழுத்தர்களும் கணக்கர்களும் அமைச்சர்களும் இதை இடைக்கச்சையில் செருகிக்கொண்டு நடந்தார்கள். ஆகவே ‘கலம்தான்’ எழுதுகிறவரின் தொழிற்கருவி, அதே சமயம் அவருடைய தகுதியின் அடையாளம்.

எழுதுகோலுக்கு அந்தச் சமூகம் தந்த மதிப்பை அறிந்தால்தான் பெட்டிக்குக் கிடைத்த மதிப்பு விளங்கும். திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயத்தின் பெயரே ‘எழுதுகோல்’. எழுத்துக்கலை இஸ்லாமிய உலகில் கலைகளின் உச்சியில் நின்றது. எழுதுகருவிகளை வைக்கும் பெட்டியும் அந்தப் பெருமையில் பங்கு பெற்றது. ஓவியப் பெட்டிகள் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே உலோகத்தில் இந்த மரபு வேரூன்றியிருந்தது. வாஷிங்டனிலுள்ள ஃப்ரீயர் கலைக்கூடத்தில் 1210-11இல் ஷாஸி என்ற கலைஞர் செய்த பித்தளைப் பேனாப் பெட்டி இருக்கிறது. வெள்ளியும் செம்பும் பதித்த அந்தப் பெட்டியில் அதை ஏற்ற அமைச்சரின் பெயரும் செய்தவரின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. செய்தவர் தன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவ்வளவு பழையது. பின்னாளில் அட்டைப் பெட்டி வந்தபோது, அதற்கான கண்ணியத்தை அது புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கவில்லை. உலோகம் கொடுத்த இடத்தில் ஓவியம் வந்து உட்கார்ந்தது.

ஓவியம் எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தைமூர் வம்சத்துச் சுல்தான் ஹுசைன் பைகராவின் ஹெராத் அரசவையில், நூல்களின் தோலட்டைக்குப் பதிலாக வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசிய அட்டைகள் தோன்றின. ஏட்டுக்குள் வரைந்துகொண்டிருந்த தூரிகை, ஏட்டின் மேலட்டைக்கு ஏறிய தருணம் அது. பின்னர் ஈரானை ஆண்ட சஃபாவி மன்னர்கள் காலத்தில் தோட்டக் காட்சிகளும் வேட்டைக் காட்சிகளும் நூல் அட்டைகளில் நிறைந்தன. இந்தப் பயணம் முழுவதையும் ஒரே நூலில் பார்க்கலாம். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, சஃபாவி மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 1539க்கும் 1543க்கும் இடையில் படியெடுத்த, கவிஞர் நிஜாமியின் ‘கம்ஸா’ சுவடி அது. உள்ளே 16ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த அரசவை ஓவியங்கள். 1675-76இல் முகம்மது ஸமான் என்ற ஓவியர் அதே சுவடியில் புதிய ஓவியங்களைச் சேர்த்தார். 19ஆம் நூற்றாண்டில் காஜார் மன்னர் ஃபத் அலி ஷா வேட்டையாடும் காட்சியைத் தீட்டிய மெருகு அட்டை அதற்குப் போடப்பட்டது. இந்த ஒரே நூலின் உள்ளே இருப்பவற்றைக் கலை என்றும் மேலே இருப்பதை அலங்காரம் என்றும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது? நடுவில் நிற்கும் முகம்மது ஸமான் அந்தக் கோட்டை அழித்துவிடுகிறார். சுவடியில் ஓவியம் சேர்த்த அவருடைய கையொப்பம் பேனாப் பெட்டிகளிலும் இருக்கிறது.

வரலாறு இந்த நகர்வை விரைவுபடுத்தியது. 1722இல் ஆப்கானியப் படையிடம் இஸ்ஃபஹான் வீழ்ந்தது. சஃபாவி அரசு சிதறியது. 1736இல் முடிசூடிய நாதிர் ஷா 1747இல் கொலையுண்டார். பின்னர் கரீம் கான் ஸந்த் ஷிராஸைத் தலைநகராக்கி 1779வரை ஆண்டார். நூற்றாண்டின் இறுதியில்தான் காஜார் வம்சம் நிலைபெற்றது. ஓவியச் சுவடி என்பது பெரிய முதலீடு. காகிதம் செய்பவர், எழுதுபவர், பொன்வேலை செய்பவர், ஓவியர், கட்டுபவர் எனப் பலரை ஆண்டுக்கணக்கில் ஒரே கூடத்தில் வைத்துச் சோறு போட ஓர் அரசர் வேண்டும். அரசர்கள் மாறிக்கொண்டே இருந்தால் அந்தக் கூடம் தாங்காது. பேனாப் பெட்டிக்கு அரசவைக் கூடம் தேவையில்லை. ஓவியர் தம் வீட்டிலிருந்தே தீட்டலாம். வாங்குகிறவர் அமைச்சராக இருக்கலாம், எழுத்தராகவோ வணிகராகவோகூட இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டின் கொந்தளிப்பில் ஓவியச் சுவடிகள் அருகிப்போனதும் பெட்டி ஓவியங்கள் தொடர்ந்து வந்ததும் தற்செயல் இல்லை. சிறிய பொருள், சிறிய முதலீடு, பரவலான வாடிக்கையாளர் என்ற மூன்றும் சேர்ந்து ஓவியத் தொழிலை உயிரோடு வைத்திருந்தன.

கைமாறி வந்த தொழில் இது என்பதற்கு ஓவியர்களின் வரிசையே சான்று. முகம்மது ஸமானின் மகன் முகம்மது அலி, அவர்களின் வழியைத் தொடர்ந்து 18ஆம் நூற்றாண்டின் நடுவில் புகழ்பெற்ற அலி அஷ்ரஃப், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் முகம்மது சாதிக், முகம்மது பாகிர், 19ஆம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானின் நஜஃப் அலி, அவர் தம்பி முகம்மது இஸ்மாயில், நஜஃபின் மகன்கள், ஷிராஸில் லுத்ஃப் அலி என ஆசிரியர், மாணவர், தந்தை, மகன் உறவுகளோடு ஒரு தொடர்ச்சியை நாம் பின்தொடர முடிகிறது. முகம்மது இஸ்மாயிலுக்கு அரசவையின் தலைமை ஓவியர் என்ற பட்டமும் இருந்தது. ‘பெயர் தெரியாத கைவினைஞர்கள்’ என்று நாம் பழக்கமாகச் சொல்வது இவர்களுக்குப் பொருந்தாது. பணிவின் காரணமாகத் தம் பெயரை இறைவாழ்த்துப் போன்ற ஒரு தொடருக்குள் பொதிந்து எழுதுவது இவர்களின் மரபு. நஜஃப் அலியின் கையொப்பம் நஜஃப் நகரத்து மன்னரை, அதாவது அங்கே அடங்கியுள்ள இமாம் அலியை, விளிக்கும் தொடர். பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். பெயரும் ஆண்டும் குருபரம்பரையும் தெரிந்த ஒரு கலையை ஓவிய வரலாற்றில் சேர்க்காமல் விட எந்த நியாயமும் இல்லை.

பெட்டிகளில் வரைந்த பொருள்களின் விரிவும் இதையே சொல்கிறது. ரோஜாவும் புல்புல் பறவையும் மட்டுமே அங்கு உண்டு என்று எண்ணுவது தவறு. எகிப்தில் யூசுஃபின் அழகைக் கண்டு திகைத்துப் பழத்துக்குப் பதில் விரலை வெட்டிக்கொண்ட பெண்கள், கிறிஸ்தவப் பெண்ணிடம் மனம் பறிகொடுத்துத் தன் நெறியையே துறந்த ஷேக் சனான், வேட்டை, திருமணம், தர்வேஷ்கள், மன்னர்களின் உருவங்கள் என்று வாழ்க்கையும் இலக்கியமும் அங்கே குவிந்திருக்கின்றன. 1514இல் உஸ்மானியரோடு நடந்த சால்திரான் போரும், 1739இல் தில்லியின் முகலாயப் படையை நாதிர் ஷா முறியடித்த கர்னால் போரும் பெட்டிகளில் உண்டு. இந்த இரு போர்களும் இஸ்ஃபஹானின் சிஹில் சுதூன் அரண்மனைச் சுவர்களில் பேரோவியங்களாகவும் இருக்கின்றன. அங்குள்ள கர்னால் ஓவியத்தைத் தீட்டியவர் சாதிக் என்று கருதப்படுகிறது. அதே காலத்தில் சாதிக்கின் பெயர் தாங்கிய பேனாப் பெட்டிகளும் உள்ளன. அரண்மனைச் சுவரும் உள்ளங்கைப் பெட்டியும் ஓவியர்களுக்கு இரண்டு சாதியாகத் தெரியவில்லை. அளவுதான் வேறு.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, இது பயன்படும் பொருள், பயன்படும் பொருளில் உள்ள ஓவியம் அந்தப் பயனுக்கு அடிமை என்பது. பயன் ஓவியரைக் கட்டுப்படுத்துகிறது என்பது மெய்தான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு புதிய சிக்கல்களைத் தந்து புதிய தீர்வுகளைக் கேட்டது. பேனாப் பெட்டியின் மேற்புறம் நீண்டு ஒடுங்கிய பட்டை. அதில் ஒரே காட்சியை வைத்தால் உருவங்கள் சிதறும். எனவே பலர் மூன்று வளையச் சட்டங்களாகப் பிரித்து, நடுவில் முதன்மைக் காட்சியையும் இருபுறமும் துணைக் காட்சிகளையும் அமைத்தார்கள். பக்கங்களோ நிற்காமல் சுற்றி ஓடுகின்றன. அங்கே ஊர்வலமும் போரும் வேட்டையும் ஓடுகிற காட்சிகளாகப் பொருந்தின. முனை வளைவில் உருவம் கோணாமல் திரும்ப வேண்டும். உறையைக் கழற்றினால் தெரியும் உள்தட்டுக்கும், கீழ்ப்புறத்துக்கும் பெரும்பாலும் சிவப்பிலோ கறுப்பிலோ பொன்கொடிகளை வைத்து, கண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். கண்ணாடிப் பேழையில் மூடியின் வெளிப்புறம், உட்புறம், பின்புறம் என்று மூன்று தனி ஓவியங்கள், திறக்கும் வரிசையில் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி திட்டமிடப்பட்டன. சுவர் ஓவியத்தை ஒரு நிலையில் நின்று பார்க்கிறோம். பெட்டியைத் திருப்பித் திருப்பி, திறந்து மூடி, முழங்கை தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். பார்வையாளரின் கை அசைவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட ஓவியம் தாழ்ந்தது என்றால், உயர்வுக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோலில்தான் குறை இருக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது. ரோஜா, புல்புல், ஐரிஸ் மலர், வண்ணத்துப்பூச்சி என்று ஒரே பொருளை ஆயிரம் முறை வரைந்தால் அது வாய்பாடு ஆகிவிடாதா? ஆகும், ஆகியும் இருக்கிறது. அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி செய்த பெட்டிகள், குறிப்பாக 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் கட்டத்தில், நிறைய உண்டு. ஆனால் ஒரு கலையை அதன் சராசரியால் அளந்தால் எந்தக் கலையும் தேறாது. கல்யாணி ராகத்தை முன்னவர் பாடிவிட்டார் என்பதற்காக அடுத்தவர் பாடுவதை நாம் வாய்பாடு என்று சொல்வதில்லை. தெரிந்த ராகத்தில் அவர் எங்கே புதிதாகத் திரும்புகிறார் என்பதைத்தான் கேட்கிறோம். ரோஜாவையும் அப்படியே பார்க்க வேண்டும். அலி அஷ்ரஃபின் பூக்கள் பெரும்பாலும் கருநிறப் பின்னணியிலிருந்து ஒளிர்ந்து எழும். 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் சிலர் இதழின் மடிப்பையும் இலையின் வாட்டத்தையும் பூச்சி கடித்த ஓட்டையையும்கூட விடாமல் வரைந்தார்கள். மேலும் இந்தப் பொருளுக்கு ஒரு காரணமும் இருந்தது. திருக்குர்ஆன் அட்டையிலோ மார்க்க அறிஞரின் பேனாப் பெட்டியிலோ மனித உருவம் பொருந்தாது. காதலரைத் தேடும் ஆன்மாவையும் இறை அழகையும் பாரசீகக் கவிதை நெடுங்காலமாகப் பறவையாகவும் மலராகவும் பேசி வந்தது. உருவமின்றிப் பொருள் சொல்ல ஓவியருக்குக் கிடைத்த மொழி அது.

மூன்றாவதாக, இந்த ஓவியங்கள் ஐரோப்பாவைப் பார்த்துப் போட்ட நகல்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். குழந்தையை ஏந்திய மரியாள், ஐரோப்பிய உடையணிந்த பெண்கள், தொலைவில் நீலமாக மங்கும் மலைகள், முகத்தில் ஒளிநிழல் எல்லாம் பெட்டிகளில் தாராளமாக உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இஸ்ஃபஹான் பல நாட்டவர் கூடிய வணிக நகரம். அதன் புறநகரான புதிய ஜுல்ஃபாவில் ஆர்மேனிய வணிகர்கள் ஐரோப்பாவோடு தொடர்பு வைத்திருந்தார்கள். ஐரோப்பிய அச்சுப் படங்கள் அங்கே கிடைத்தன. முகம்மது ஸமான் அவற்றிலிருந்து கற்றார். ஆனால் கற்றதை எப்படிக் கையாண்டார் என்பதுதான் கேள்வி. ஒளிநிழலை ஏற்றுக்கொண்ட இந்த ஓவியர்கள், பொன் பின்னணியையும் கோட்டின் நுணுக்கத்தையும் பரப்பு முழுவதையும் நிறைக்கும் பாரசீக ஒழுங்கையும் விட்டுவிடவில்லை. ஐரோப்பியப் படத்தில் ஒரே திசையிலிருந்து பரவும் வெளிச்சம், பெட்டியில் ஒவ்வொரு முகத்துக்கும் மலருக்கும் தனித்தனியே விழும். வெளியிலிருந்து வாங்கியதை வைத்துத் தம் கேள்விக்கு விடை தேடினார்கள். அதே காலத்தில் ஐரோப்பாவும் கிழக்கின் மெருகுப் பொருள்களைப் பார்த்துப் போலிகள் செய்துகொண்டிருந்தது. அதை யாரும் ஐரோப்பியக் கலையின் குறையாகப் பேசுவதில்லை. கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கத்துக்குப் படைப்பு, மறுபக்கத்துக்குப் போலி என்று இரண்டு நீதி வைக்க முடியாது.

நான்காவது எதிர்வாதம் சான்றுகளைப் பற்றியது. கையொப்பங்களை நம்ப முடியுமா? புகழ்பெற்ற பெயர்களைப் பிற்காலத்தவர் தம் வேலையில் போட்டதுண்டு. ஸமானின் கையொப்பத் தொடரைத் தாங்கிய எல்லாப் பெட்டியும் ஸமான் வரைந்ததாக இருக்க முடியாது. அதோடு, ஆளிவிதை எண்ணெய் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளடிக்கும். அதன் கீழே நீலம் பச்சையாகவும் வெண்மை பொன்னாகவும் தெரியும். நாம் இன்று பாராட்டும் அந்தத் தேன்நிறத்தில் ஒரு பங்கு ஓவியருடையது இல்லை, முதுமையுடையது. இரண்டும் உண்மை. இரண்டும் நம்மை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கின்றன. ஆனால் இரண்டும் இந்த வாதத்தைக் குலைப்பதில்லை. வாங்குகிறவர்கள் ஓவியரின் பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்காத இடத்தில் யார் பெயரைத் திருடுவார்கள்? பொய்க் கையொப்பமே அந்தச் சந்தையில் ஓவியரின் பெயருக்கு இருந்த மதிப்பைக் காட்டும் சான்று. மஞ்சளடித்த வார்னிஷ் ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களையும் பிடித்த நோய்தான். அதற்காக அவற்றை யாரும் ஓவியக் கூடத்திலிருந்து வெளியேற்றவில்லை. ஆய்வாளர்கள் ஆண்டு குறித்த படைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கையை அடையாளம் கண்டு, உண்மையையும் போலியையும் பிரிக்க முயல்கிறார்கள். பாரசீகச் சிற்றோவியங்களின் பெரும் அறிஞர்களில் ஒருவரான பி. டபிள்யூ. ராபின்சன், பெர்ன் தொகுப்பின் மெருகுப் பெட்டிகளையும் அதே கவனத்தோடு ஆராய்ந்தார். ஓவியத்தை அறிந்தவருக்கு அது ஓவியமாகவே தெரிந்தது.

அப்படியானால் ‘அலங்காரக் கலை’ என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது? பெட்டிகளின் தன்மையை ஆராய்ந்து வைத்த பெயர் அது இல்லை. அவை எதற்காக வாங்கப்பட்டன என்பதிலிருந்து வந்தது. லண்டனில் 1851இல் நடந்த உலகப் பொருட்காட்சியைத் தொடர்ந்து, பிரிட்டிஷ் தொழிற்சாலைப் பொருள்களின் வடிவழகை உயர்த்தவேண்டும் என்ற நோக்கத்தோடு ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகம் என்று பெயர் பெற்று, இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக விளங்குவது அதுதான். லண்டனையும் இந்தியாவையும் இணைத்த தந்திப் பாதையின் பாரசீகப் பகுதிக்குத் தலைவராகத் தெஹ்ரானில் இருந்த பொறியாளர் ராபர்ட் மர்டாக் ஸ்மித், 1870களில் அந்த அருங்காட்சியகத்துக்காக ஈரானியப் பொருள்களை ஏராளமாக வாங்கி அனுப்பினார். 1876இல் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓடுகள், கம்பளங்கள், உலோகப் பாத்திரங்கள் ஆகியவற்றோடு மெருகுப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் வடிவமைப்பாளருக்கு மாதிரிகளாக உதவும் என்பதே அந்தச் சேகரிப்பின் கணக்கு. அந்தச் சேகரிப்பால்தான் பல பெட்டிகள் பிழைத்தன. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வாங்கியவரின் தேவையிலிருந்து பிறந்த வகைப்பாட்டை, செய்தவரின் கலைக்கு நிரந்தர விலாசமாக்கியது நம் பிழை. இஸ்ஃபஹானில் அப்படி ஒரு பிரிவினை இருக்கவில்லை.

கலம்தானின் வீழ்ச்சியும் இதையே உறுதிசெய்கிறது. 1830களில் ஈரானில் கல்லச்சு வேரூன்றத் தொடங்கியது. நூலைக் கையால் படியெடுக்கும் தொழில் மெல்லச் சுருங்கியது. நாணல் பேனாவுக்குப் பதில் எஃகு முனைப் பேனா வந்தது. உருவம் தீட்டிய இடத்தில் புகைப்படம் வந்தது. நாணலைச் சீவுகிறவர் இல்லாதபோது பேனாப் பெட்டிக்குத் தேவை இல்லை. தேவை போனதும் உயர்ந்த ஓவியர்கள் வேறு பரப்புகளை நாடினார்கள். சந்தைக்கான மலிவுப் பெட்டிகள் மிஞ்சின. வாழ்வோடு இருந்த பிணைப்பு அறுந்ததும் கலையின் தரமும் இறங்கியது. அலங்காரமே நோக்கமாக இருந்திருந்தால், பேனா மாறியதால் கலை தளர்ந்திருக்காது. அழகுக்காக வாங்குகிறவர்கள் தொடர்ந்து அதே தரத்தை வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். எழுதுகிறவரின் தொழிலும் ஓவியரின் தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் ஒன்று சாய்ந்தபோது மற்றதும் ஆடியது. இந்தக் கலையின் கிளை ஒன்று காஷ்மீரில் ஊன்றி இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே காகிதக்கூழில் செய்து வண்ணம் தீட்டும் வேலைக்குப் பேனாப் பெட்டி வேலை என்றே பழைய பெயர். கிண்ணமும் மேசை விளக்கும் நகைப்பெட்டியும் செய்தாலும் அந்தப் பெயர் நின்றது. இஸ்ஃபஹானிலும் மலரும் பறவையும் தீட்டும் கைகள் இன்னும் இருக்கின்றன.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. காட்சிக்கூடங்களில் பெட்டியை மூடி வைத்து ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது, ஓவியத்தின் ஆறில் ஒரு பங்கைக் காட்டுவதாகும். திறந்த நிலையில், கீழ்ப்புறம் தெரியக் கண்ணாடி வைத்து, உள்ளிருந்த நாணலும் மைக்கூடும் அருகே இருக்க வைக்க வேண்டும். பெயர்ப் பலகையில் முதல் வரி ஓவியருடைய பெயராக இருக்க வேண்டும்; ‘பேனாப் பெட்டி, காகிதக்கூழ்’ என்ற விவரம் அதன் பிறகு வரட்டும். ஈரானிய ஓவியத்தைப் பற்றி எழுதும் நூல்கள் 16ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் உச்சத்தைச் சொல்லிவிட்டு, 19ஆம் நூற்றாண்டின் பெரிய அரசவை உருவப்படங்களுக்குத் தாவாமல், இடையில் ஓவியம் எங்கே வாழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாசகராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஓவியம் எதன் மேல் இருக்கிறது என்பதை வைத்து அதற்குத் தட்டு பிரிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அந்தப் பரப்பு ஓவியருக்குத் தந்த சிக்கல் என்ன, அவர் அதை எப்படித் தீர்த்தார் என்று கேட்கப் பழகுவோம். அந்தக் கேள்விக்கு நிறைவான விடை தரும் பெட்டி, எந்தச் சட்டத்துக்குள் இருக்கும் ஓவியத்துக்கும் சமம்.